காசநோய்க் கிருமிக்குள் மரபணுவை நுழைத்த கதை: வில்லியம் ஜேக்கப்ஸின் ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் அறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கல்லூரிகளிலும் சுகாதார முகாம்களிலும் மருந்து எதிர்ப்புக் காசநோய் பற்றிப் பேசப் போனால் ஒரே கேள்விகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. பதில் தேடிப் போனால் அவற்றில் பாதி, நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள ஒரே ஆய்வகத்தின் வாசலில் கொண்டுபோய் விடுகின்றன. அதனால் அந்த ஆய்வகத்தை நடத்திய வில்லியம் ஜேக்கப்ஸை மையமாக வைத்தே இதை எழுதுகிறேன். சிகிச்சை முடிவுகளுக்கு உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். இங்கே இருப்பது கிருமியின் பக்கத்துக் கதை.

யார் இந்த ஜேக்கப்ஸ்?

அமெரிக்க மூலக்கூறு உயிரியலாளர். பாக்டீரியா மரபியலாளர் ராய் கர்ட்டிஸின் ஆய்வகத்தில் பயின்றவர். அங்கே தொழுநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டி ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துப் படிக்கும் வேலையில் பங்கு பெற்றார். தொழுநோய்க் கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்க்கவே முடியாது என்பதால் அப்படிச் சுற்றிவளைத்துப் போக வேண்டியிருந்தது. பிறகு 1980-களின் நடுவில் பிராங்க்ஸிலுள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக்கு வந்து நோயெதிர்ப்பியலாளர் பாரி புளூமுடன் சேர்ந்தார். அவர் கையில் எடுத்த கேள்வி, கேட்க எளிமையானது: மைக்கோபாக்டீரியத்துக்குள், அதாவது காசநோய், தொழுநோய்க் கிருமிகளின் குடும்பத்துக்குள், வெளியிலிருந்து ஒரு மரபணுவை எப்படிப் போடுவது?

மற்ற பாக்டீரியாவில் கல்லூரி மாணவர்களே செய்கிற வேலைதானே அது? இதில் மட்டும் என்ன கஷ்டம்?

ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிகிறது. மாலையில் தட்டில் தடவினால் காலையில் புள்ளி புள்ளியாக வளர்ந்து நிற்கும். காசநோய்க் கிருமி ஒருமுறை பிரிய ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அது வளர மூன்று, நான்கு வாரம் ஆகும்.

எங்கள் அறையில் கல்ச்சருக்குப் பயன்படுத்தியது எல்.ஜே. ஊடகம் என்ற கிருமி உணவு. கோழிமுட்டையை அடித்து, மாலக்கைட் பச்சைச் சாயம் சேர்த்து, குப்பியைச் சாய்த்து வைத்துச் சூட்டில் இறுக வைப்பார்கள். பாசி நிறத்தில் வழவழவென்று ஒரு சரிவு கிடைக்கும். அதில் கபத்தைத் தடவி 37 டிகிரியில் வைத்துவிட்டு வாரம் ஒரு முறை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்போம். முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம், இருப்பது போலவும் இல்லாதது போலவும் ஒரு சொரசொரப்பு. பிறகு ஒரு நாள் ரொட்டித்தூளை அள்ளித் தெளித்தது போல வெளிர்மஞ்சள் துணுக்குகள். இடையில் வேறு கிருமியோ பூஞ்சையோ புகுந்துவிட்டால் அந்த ஒரு மாதமும் வீண். நோயாளியிடம் மறுபடி கபம் கேட்க வேண்டும். ஒருமுறை நான் மூடியைச் சரியாக முறுக்காமல் விட்டதால் நான்கு குப்பிகளில் பூஞ்சை ஏறிவிட்டது. அந்த நால்வரையும் திரும்ப வரச் சொல்லும் வேலையும் என்னிடமே வந்தது.

வேகம் மட்டுமல்ல. மைக்கோபாக்டீரியத்தின் செல் சுவர் மைக்கோலிக் அமிலம் என்ற நீளமான கொழுப்பால் மெழுகு பூசியது போல இருக்கும். தண்ணீரில் கலக்கினால் கரையாமல் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். வெளி டி.என்.ஏ. உள்ளே போவதே சந்தேகம். போனாலும் போனது என்று கண்டுபிடிக்க ஓர் அடையாளம் வேண்டும். எந்த அடையாள மரபணு இந்தக் கிருமிக்குள் வேலை செய்யும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. முயற்சி தோற்றால், டி.என்.ஏ. உள்ளே போகவில்லையா, போய்ச் சிதைந்ததா, போயும் வேலை செய்யவில்லையா என்று பிரித்தறிய வழியில்லை.

அப்படியென்றால் எப்படித்தான் நுழைத்தார்?

பேஜ் மூலமாக. பாக்டீரியாவைத் தாக்கிப் பெருகும் வைரஸ்களுக்குப் பேஜ் என்று பெயர். மைக்கோபாக்டீரியத்தைத் தாக்கும் பேஜ்களும் மண்ணில் நிறைய உண்டு. ஒரே ஒரு பேஜ் டி.என்.ஏ. ஒரே ஒரு செல்லுக்குள் போய்விட்டால் போதும். அது பெருகி, செல்லை வெடித்து, பக்கத்துச் செல்களையும் கொன்று, பாக்டீரியா மூடிய தட்டில் ஓர் ஓட்டை போட்டுவிடும். தோசைக்கல்லில் ஊற்றிய மாவில் கண் கண்ணாக விழுமே, அதே மாதிரி. லட்சம் செல்லில் ஒன்றுக்குள் போனாலும் கண்ணால் பார்த்துவிடலாம். வேறு அடையாளமே வேண்டாம்.

ஜேக்கப்ஸ் எடுத்தது டி.எம்.4 என்ற பேஜ். அதன் டி.என்.ஏ. சுமார் 53 ஆயிரம் எழுத்து நீளம். இதற்குள் ஈ.கோலையில் வாழக்கூடிய ஒரு சிறிய டி.என்.ஏ. வளையத்தைச் செருக வேண்டும். ஆனால் எந்த இடத்தில் செருகினால் பேஜ் சாகாது என்று தெரியாது. அதனால் டி.எம்.4 டி.என்.ஏ.க்களை ரயில் பெட்டிகளைப் போல ஒன்றோடொன்று கோத்து, கண்ட இடத்தில் வெட்டி, வெட்டிய ஒவ்வொரு துண்டோடும் அந்த வளையத்தை ஒட்டினார். பிறகு லாம்டா என்ற ஈ.கோலை பேஜின் காலித் தலைகளுக்குள் அவற்றை அடைத்தார். லாம்டாவின் தலைக்குள் குறிப்பிட்ட நீளமுள்ள டி.என்.ஏ.தான் அடங்கும். டி.எம்.4-இன் நீளமும் ஏறக்குறைய அதே அளவு என்பதால், சரியான நீளத் துண்டுகள் தாமாகவே வடிகட்டப்பட்டுவிடும். அவற்றை ஈ.கோலையில் பெருக்கி, மொத்தமாக எடுத்து ஸ்மெக்மாட்டிஸ் என்ற தீங்கற்ற மைக்கோபாக்டீரியத்துக்குள் செலுத்தியபோது தட்டில் ஓட்டைகள் விழுந்தன. செருகியும் சாகாத பேஜ்கள் அவை.

ஈ.கோலைக்குள் இருக்கும்போது பிளாஸ்மிட் (தனியாக வாழும் டி.என்.ஏ. வளையம்), மைக்கோபாக்டீரியத்துக்குள் போனால் பேஜ் என்று இரண்டு வேடம் போடும் இந்தப் பொருளுக்கு ஷட்டில் பாஸ்மிட் என்று பெயர் வைத்தார்கள். ஜேக்கப்ஸ், டக்மன், புளூம் மூவரும் எழுதிய கட்டுரை 1987-இல் நேச்சர் இதழில் வந்தது. மைக்கோபாக்டீரியா மரபியலின் பிறந்த தேதி அதுதான் என்று சொன்னால் இந்தத் துறையில் அதிகம் பேர் சண்டைக்கு வர மாட்டார்கள்.

'எம்சி ஸ்கொயர் 155' என்று ஒரு கிருமியின் பெயர் கேள்விப்பட்டேன். ஐன்ஸ்டைனின் சமன்பாடா?

கல்லூரியின் பெயரை வைத்துச் செய்த குறும்பு. ஆனால் அந்தக் கிருமி குறும்பல்ல. சாதாரண ஸ்மெக்மாட்டிஸுக்குப் பிளாஸ்மிட்டைக் கொடுத்தால் அரிதிலும் அரிதாக ஓரிரு செல்கள்தான் ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொண்ட செல் மற்றவற்றிலிருந்து ஏதோ ஒரு வகையில் மாறியிருக்க வேண்டும் என்று ஜேக்கப்ஸ் குழு ஊகித்தது. அந்தச் செல்களிலிருந்து பிளாஸ்மிட்டை நீக்கிவிட்டு மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான மடங்கு சுலபமாக உள்ளே வாங்கிக்கொண்டன. 1990-இல் வெளியான அந்த வகைதான் எம்சி ஸ்கொயர் 155. சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பிரியும், நோய் தராது. இன்று மைக்கோபாக்டீரியா மரபியல் நடக்கிற ஆய்வகம் எதுவாக இருந்தாலும் அதன் உறைபெட்டியில் இது இருக்கும்.

மரபணுவை உள்ளே போட்டு என்ன ஆகப்போகிறது? கிருமியின் டி.என்.ஏ. வரிசையைப் படித்தாலே எந்தப் பிறழ்வால் எதிர்ப்பு வந்தது என்று தெரிந்துவிடாதா?

நான் மிகவும் விரும்பும் கேள்வி இது. தெரியாது என்பதுதான் பதில். படித்தால் சந்தேகம் வரும். நிரூபணம் வராது. ஐசோனியசிட் கதையைச் சொன்னால் புரியும்.

ஐசோனியசிட் 1912-இலேயே பிராக் நகரில் இரண்டு வேதியியலாளர்கள் தயாரித்த பொருள். காசநோய்க்கு உதவும் என்று அப்போது எவரும் நினைக்கவில்லை. 40 ஆண்டு அலமாரியில் கிடந்து, 1952-இல்தான் மருந்தாக வெளியே வந்தது. மலிவானது, மாத்திரையாக விழுங்கலாம், கிருமியை அடித்து நொறுக்கும். ஆனால் எங்கே அடிக்கிறது என்று தெரியவில்லை. 1954-இல் மிடில்புரூக் என்ற ஆய்வாளர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்: ஐசோனியசிட்டுக்கு அடங்காத கிருமிகள் பலவற்றில் கேட்டலேஸ் என்ற நொதி வேலை செய்யவில்லை. 1970-களின் தொடக்கத்தில், இந்த மருந்து மைக்கோலிக் அமிலம் உருவாவதைத் தடுக்கிறது என்று தெரிந்தது. இரண்டு துப்புகள், இரண்டுக்கும் இடையே பாலமில்லை.

மரபணுவை நுழைக்க வழி பிறந்த பிறகுதான் முடிச்சு அவிழத் தொடங்கியது. 1992-இல் இங்கிலாந்து, பிரான்ஸ் ஆய்வாளர்கள் கேட்டலேஸை உருவாக்கும் கேட்ஜி மரபணுவைப் பிடித்தார்கள். எதிர்ப்புள்ள கிருமிக்குள் நல்ல கேட்ஜியைப் போட்டதும் அது மறுபடி மருந்துக்கு அடங்கியது. ஐசோனியசிட் திரி பற்றவைக்காத வெடி. கிருமியின் சொந்த நொதியே வந்து திரியைப் பற்றவைக்கிறது. பற்றவைக்கும் கையை வெட்டிக்கொண்ட கிருமி பிழைத்துக்கொள்கிறது.

வெடி எங்கே வெடிக்கிறது? ஜேக்கப்ஸ் குழு இதற்குத் தலைகீழ் வழியில் போனது. மருந்தை எதிர்க்கும் ஸ்மெக்மாட்டிஸின் டி.என்.ஏ.வைத் துண்டாக்கி, மருந்துக்கு அடங்கும் செல்களுக்குள் ஒவ்வொன்றாகப் போட்டு, எந்தத் துண்டு பிழைக்க வைக்கிறது என்று தேடினார்கள். கிடைத்த மரபணுவுக்கு இன்ஹெச்ஏ என்று பெயர். அது உருவாக்கும் நொதி, மைக்கோலிக் அமிலம் கட்டும் வேலையில் ஒரு கொத்தனார். அதன் 94-ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் அலனினாக மாறியிருந்தது. ஒரே ஓர் எழுத்துப் பிழை. 1994-இல் சயன்ஸ் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. 1998-இல் நொதியைப் படிகமாக்கி அதன் வடிவத்தைப் பார்த்த ஆய்வு, கேட்ஜியால் பற்றவைக்கப்பட்ட மருந்து என்.ஏ.டி. என்ற துணைப்பொருளோடு ஒட்டிக்கொண்டு இன்ஹெச்ஏவின் வாய்க்குள் போய் அடைத்துக்கொள்வதைப் படமாகவே காட்டியது.

முடிந்ததென்று நினைக்கிறீர்களா? அதே 1998-இல் வேறொரு குழு, உண்மையான இலக்கு காஸ்ஏ என்ற இன்னொரு நொதி என்று சயன்ஸ் இதழிலேயே எழுதியது. ஸ்மெக்மாட்டிஸ் வேறு, காசநோய்க் கிருமி வேறு. உறவுக்காரன் வீட்டில் நடந்ததை வைத்து இவன் வீட்டைப் பற்றி எப்படி முடிவு கட்டலாம் என்ற கேள்வி நியாயமானதுதான்.

தீர்ப்பு 2006-இல் வந்தது. ஜேக்கப்ஸ் ஆய்வகத்தின் காத்தரின் வில்ஷேஸும் சகாக்களும் பேஜ் ஒன்றையே வாகனமாக்கி, அந்த ஒற்றை 94-ஆவது பிழையை மட்டும் மருந்துக்கு அடங்கும் காசநோய்க் கிருமிக்குள் மாற்றி வைத்தார்கள். வேறு எதையும் தொடவில்லை. அந்தக் கிருமி ஐசோனியசிட்டை எதிர்த்தது. காஸ்ஏவில் சொல்லப்பட்ட பிழைகளை அதே முறையில் வைத்தபோது எதிர்ப்பு வரவில்லை. மருந்து சந்தைக்கு வந்து 54 ஆண்டுக்குப் பிறகு அது எங்கே அடிக்கிறது என்று வழக்கு முடிந்தது. அதுவரை கோடிக்கணக்கானோர் அதை விழுங்கிக் குணமாகியிருந்தார்கள்.

எங்கள் பரிசோதனை அறிக்கையில் கேட்ஜி, இன்ஹெச்ஏ என்று இருக்கிறது. அவைதானா இவை?

அவையேதான். பொதுவாக, கேட்ஜியின் 315-ஆவது இடத்துப் பிறழ்வு கடுமையான எதிர்ப்பைத் தரும். இன்ஹெச்ஏவின் முன்பகுதியில் வரும் பிறழ்வு அந்த நொதியை அதிகமாக உற்பத்தி செய்ய வைக்கிறது. எதிர்ப்பு மிதமாக இருக்கும். அப்போது ஐசோனியசிட்டின் அளவைக் கூட்டிக் கொடுக்கலாமா என்று மருத்துவர் யோசிப்பார். ஆனால் அதே பிறழ்வு எத்தியோனமைடு என்ற இன்னொரு மருந்தையும் பலவீனமாக்கும், ஏனென்றால் இரண்டு மருந்துகளும் அடிப்பது ஒரே கொத்தனாரை. அறிக்கையில் ஒரு வரியாக இருக்கும் இந்த இரண்டு பெயர்களுக்காக எத்தனை பேர் எத்தனை ஆண்டு சண்டை போட்டார்கள் என்பதை மேலே பார்த்தீர்கள்.

மாத்திரையை இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்கிறது என்கிறார்களே?

பழகுவதில்லை. முகாம்களில் நானே அந்த வார்த்தையைப் பயன்படுத்தியிருக்கிறேன். பேசச் சுலபம், ஆனால் தவறு. மருந்தைப் பார்ப்பதற்கு முன்பே பிழை நடந்துவிடுகிறது. பாடப்புத்தகக் கணக்குப்படி சுமார் 10 லட்சம் கிருமியில் ஒன்று தற்செயலாக ஐசோனியசிட்டை எதிர்க்கும். இன்னொரு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினை எதிர்ப்பது சுமார் 10 கோடியில் ஒன்று. நுரையீரலில் குழி விழுந்த ஒருவரின் உடலில் 10 கோடி முதல் 100 கோடி வரை கிருமிகள் இருக்கலாம். ஆக, மாத்திரையைத் தொடாத அன்றே ஐசோனியசிட்டை எதிர்க்கும் கிருமிகள் நூற்றுக்கணக்கில் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை சாகும், இவை காலியான வீட்டில் குடியேறும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டு பிழையும் ஒரே கிருமியில் அமைய, இரண்டு எண்களையும் பெருக்க வேண்டும்: 100 லட்சம் கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி எந்த உடலிலும் இல்லை.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஒரே மருந்தை வைத்து 1948-இல் பிரிட்டன் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் 107 நோயாளிகள். ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். அற்புதம் என்றார்கள். ஆனால் பெரும்பாலோரின் கிருமி அதற்குள் ஸ்ட்ரெப்டோமைசினை மீறிவிட்டது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால் இரு பிரிவின் இறப்புக்கும் இடையே இருந்த வித்தியாசம் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது.

ஆகவே மாத்திரைகளில் ஒன்று வயிற்றைப் புரட்டுகிறது என்று அதை மட்டும் தூக்கிப் போடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான பழக்கம். மற்றொரு செய்தி: பல பாக்டீரியாக்கள் எதிர்ப்பு மரபணுவை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். காசநோய்க் கிருமி அப்படிச் செய்வதில்லை. அதன் எதிர்ப்பு முழுவதும் சொந்தப் பிழையில் விளைந்தது.

மருந்து எதிர்ப்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் பரம்பரையாக வருமா?

வராது. மாறியது கிருமியின் மரபணு, உங்களுடையதல்ல. ஆனால் எதிர்ப்புள்ள கிருமி இருமலில் காற்று வழியாக வீட்டிலுள்ளவர்களைத் தொற்றலாம். அப்படித் தொற்றியவர் ஒரு மாத்திரைகூட விழுங்காமலேயே மருந்து எதிர்ப்புக் காசநோயாளி ஆகிவிடுகிறார். "ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் வந்திருக்குமா" என்று அவரைக் கடிந்துகொள்வது அநியாயம்.

மின்மினிப்பூச்சியை வைத்துக் காசநோயைக் கண்டுபிடித்தார் என்பது உண்மையா?

மின்மினியின் ஒளி மரபணுவை வைத்து. லூசிஃபெரேஸ் என்ற நொதி ஒளிர வேண்டுமானால் லூசிஃபெரின் என்ற பொருளும், உயிருள்ள செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யும் வேண்டும். செத்த செல்லில் ஏ.டி.பி. இருக்காது. ஜேக்கப்ஸ் குழு இந்த மரபணுவைப் பேஜில் ஏற்றியது. கிருமியை மருந்தில் ஊற வைத்து, பிறகு பேஜை விட்டால், மருந்துக்கு மடிந்த கிருமி இருட்டாக இருக்கும், மடியாதது ஒளிரும். வளர்ந்த கல்ச்சர் கையில் இருந்தால், மருந்து வேலை செய்கிறதா என்று வாரக்கணக்கில் காத்திருக்காமல் சொல்லிவிடலாம். 1993-இல் இது வெளியானது.

ஒளியை அளக்கும் கருவி விலை கூடியது என்பதால் அதற்கும் ஒரு மாற்று செய்தார்கள். போலராய்டு படச்சுருள் பொருத்திய ஒரு பெட்டி. ஒளிர்ந்த குழி படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். அதற்குப் பெயர் பிராங்க்ஸ் பெட்டி. எனக்கு இந்தப் பெட்டியின் மேல் தனிப் பிரியம் உண்டு, மின்சாரம் நம்ப முடியாத ஊரில் உட்கார்ந்து யோசித்தவர் செய்த கருவி போல இருக்கிறது. ஆனாலும் அது உலகெங்கும் பரவவில்லை. கபத்திலிருந்தே இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு சொல்லும் ஜீன் எக்ஸ்பர்ட் கருவியை உலகச் சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்தது, களம் அதன் பக்கம் போய்விட்டது. நம் நாட்டு மையங்களில் சிபிநாட் என்று சொல்வது அதைத்தான். அதே வேலை செய்யும், கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி பிறகு வந்தது.

ஜீன் எக்ஸ்பர்ட் 'எதிர்ப்பு இல்லை' என்று சொன்னால் நிம்மதியாக இருக்கலாமா?

பெரும்பாலும். அந்தச் சாதாரணப் பரிசோதனை பார்ப்பது ரிஃபாம்பிசினை மட்டும். அதிலும் ஆர்பிஓபி மரபணுவில் 81 எழுத்துள்ள ஒரு சிறு பகுதியை. ரிஃபாம்பிசின் எதிர்ப்பில் சுமார் 95 சதவீதம் அந்தப் பகுதியில்தான் விழுகிறது. ஆனால் ஆப்பிரிக்காவின் எஸ்வாட்டினியில் அதே மரபணுவின் 491-ஆவது இடத்துப் பிறழ்வுள்ள கிருமி பரவியிருந்தது. அது அந்த 81 எழுத்துக்கு வெளியே இருப்பதால் கருவியின் கண்ணில் படவில்லை. அங்கே பன்மருந்து எதிர்ப்புக் கிருமிகளில் (ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டையும் மீறியவை) சுமார் 30 சதவீதம் இந்த வகையாக இருந்தது. சிகிச்சை எடுத்தும் உடல் தேறவில்லை என்றால் கல்ச்சர் கேட்பது அதனால்தான். பச்சைக் குப்பிகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது என்ன?

குவாசூலு–நட்டால் மாகாணத்தில் டுகேலா ஃபெர்ரி என்று ஒரு கிராமப்புற ஊர். 2005 தொடக்கத்திலிருந்து 2006 மார்ச் வரை அங்கே 53 பேரிடம், முதல்வரிசை மருந்துகளோடு இரண்டாம் வரிசை மருந்துகளையும் மீறிய கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 52 பேர் இறந்தார்கள். கபம் கொடுத்த நாளிலிருந்து கணக்கிட்டால் பாதிப் பேர் 16 நாளுக்குள். பச்சைக் குப்பியில் துணுக்கு தெரிய மூன்று வாரம் ஆகும் என்று மேலே சொன்னேன். முடிவு வந்தபோது அதைப் பெற்றுக்கொள்ள ஆளில்லை. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்பட்ட 44 பேருக்கும் அந்தத் தொற்று இருந்தது. ஏறக்குறைய பாதிப் பேர் அதற்கு முன் காசநோய் மருந்து சாப்பிட்டதே இல்லை.

இந்தக் கிருமியின் முழு மரபணு வரிசையைப் படித்த ஆய்வுகளில் ஒன்றில் ஜேக்கப்ஸும் பங்கெடுத்தார். 2015-இல் வேறொரு குழு, நூற்றுக்கணக்கான மாதிரிகளை ஒப்பிட்டு இந்த வம்சத்தின் குடும்ப மரத்தை வரைந்தது. அதில் முதல் எதிர்ப்பு, கேட்ஜி 315, 1950-களிலேயே தோன்றியிருக்க வேண்டும் என்று கணிப்பு வந்தது. அதாவது ஐசோனியசிட் மருந்தாகி சில ஆண்டுகளுக்குள். ரிஃபாம்பிசின் அப்போது பிறக்கவே இல்லை. 2005-இல் திடீரென்று வெடித்ததாக நாம் படித்த செய்தி, ஐம்பது ஆண்டாக ஒவ்வொரு படியாக ஏறி வந்திருக்கிறது.

வைட்டமின் சி கிருமியைக் கொல்கிறது என்று அவர் கண்டுபிடித்தாராம். நெல்லிக்காய் சாப்பிட்டால் போதாதா?

போதாது. ஆய்வகக் குழாயில் கொன்றது உண்மை. ஐசோனியசிட்டோடு சிஸ்டீன் என்ற பொருளைச் சேர்த்தபோது கல்ச்சர் முழுவதும் மடிந்ததைக் குழு கவனித்தது. அதே போன்ற குணமுள்ள வைட்டமின் சியைப் போட்டுப் பார்த்தால், மருந்தே இல்லாத குழாயிலும் கிருமி செத்திருந்தது! இரும்போடு சேர்ந்து அது கிளப்பிவிட்ட வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் டி.என்.ஏ.வைச் சிதைத்திருந்தன. 2013-இல் இதை வெளியிட்டார்கள். உடலுக்குள் கதை வேறு. எலிகளில் வைட்டமின் சி தனியாக உதவவில்லை; வழக்கமான மருந்துகளோடு கொடுத்தபோது அவற்றின் வேகத்தைக் கூட்டியது. நெல்லிக்காய் தாராளமாகச் சாப்பிடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

இப்படி மரபணு மாற்றிய கிருமி ஆய்வகத்திலிருந்து தப்பினால்?

வடிகட்டாமல் காற்று வெளியேறாத பாதுகாப்பு அறைக்குள்தான் காசநோய்க் கிருமியோடு வேலை செய்வார்கள். அது போக, ஜேக்கப்ஸ் குழு கிருமியையே முடமாக்கியது. பான்டோதீனேட் என்ற வைட்டமினைத் தயாரிக்கும் மரபணுக்களை நீக்கிவிட்டால், தட்டில் நாம் ஊட்டும்வரை வாழும், உடலுக்குள் போனால் பட்டினியில் தேய்ந்துபோகும். 2002-இல் வெளியான அந்தக் கட்டுரையில் முதல் பெயர் சம்பந்தமூர்த்தி என்று பார்த்ததும் நம் கண் ஒரு நொடி நிற்கும். இதே வழியில் வந்த இரட்டை முடக்க வகைகளை, உயர் பாதுகாப்பு அறை இல்லாத ஆய்வகங்களும் இன்று பயன்படுத்துகின்றன.

இந்தக் கதையில் சென்னைக்கு இடமுண்டா?

ஜேக்கப்ஸின் ஆய்வில் அல்ல, ஐசோனியசிட்டின் வரலாற்றில் உண்டு. சேத்துப்பட்டு ஸ்பர்டாங்க் சாலையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேருக்குச் சானடோரியம். மற்றவர்களுக்குச் சென்னையின் நெரிசலான வீடுகளிலேயே சிகிச்சை. இரு பிரிவுக்கும் அதே மருந்து: ஐசோனியசிட்டும், பாஸ் என்ற பழைய காசநோய் மருந்தும், ஓராண்டு. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு எல்லாம் இருந்த சானடோரியத்துக்கும் வீட்டுக்கும் குணமானதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 1959-இல் முடிவு வெளியானது. உலகம் சானடோரியங்களை மூடத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு மருந்தும் வீட்டில் விடாமல் உள்ளே போகிறதா என்ற கவலையும் அந்த மையத்திலிருந்தே தொடங்கியது.

பேஜையே மருந்தாகக் கொடுக்க முடியாதா?

காசநோய்க்கு அப்படி ஒரு சிகிச்சை வழக்கத்தில் இல்லை. ஆனால் அதன் உறவுக்காரனான அப்செசஸ் என்ற மைக்கோபாக்டீரியத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்ட லண்டன் சிறுமி ஒருத்திக்கு எந்த மருந்தும் பலிக்கவில்லை. ஜேக்கப்ஸோடு நீண்டகாலம் பேஜ் தேடிய பிட்ஸ்பர்க் பேராசிரியர் கிரஹாம் ஹாட்ஃபுல்லின் சேகரிப்பிலிருந்து மூன்று பேஜ்களைக் கலந்து கொடுத்தார்கள். அவள் தேறியதை 2019-இல் எழுதினார்கள். மூன்றில் ஒன்றின் பெயர் மடி (Muddy), ஆங்கிலத்தில் சேறுபடிந்தது என்று பொருள். டர்பனில் ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயின் அடிப்பக்கத்திலிருந்து பிடித்தது. மற்ற இரண்டும் கிருமியைக் கொல்லாமல் அதற்குள் பதுங்கிக்கொள்ளும் வகை. பதுங்க வைக்கும் மரபணுவை வெட்டியெடுத்துத்தான் கொடுத்தார்கள். வெட்டத் தெரிந்தது, 1987-இல் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி.

மாணவர்களாகிய நாங்களும் பேஜ் பிடிக்க முடியுமா?

தாராளமாக. ஜேக்கப்ஸே தன் வீட்டுக் கொல்லை மண்ணிலிருந்து ஒன்றைப் பிடித்தார். அதன் பெயர் பிஎக்ஸ்பி1, பிராங்க்ஸ் பாம்பர் என்பதன் சுருக்கம். அதன் நொதி ஒன்று இன்று மனிதச் செல்களுக்குள் மரபணு செருகும் கருவியாகப் பயன்படுகிறது. பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச் சாலை மண்ணிலிருந்தும் சில பேஜ்கள் வந்தன. பள்ளி மாணவர்களையும் இதில் சேர்த்துக்கொண்டார்கள். 2008-இலிருந்து ஹாட்ஃபுல் வழிநடத்தும் திட்டத்தில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் பிடித்துவிட்டார்கள்.

தேவை ஸ்மெக்மாட்டிஸும், வழிகாட்ட ஓர் ஆசிரியரும், நுண்ணுயிரியல் ஆய்வகமும். ஈரமான மண், மட்கிய இலை, எருக்குழியின் ஓரம் எதுவானாலும் ஒரு கரண்டி. ஊடகத்தில் கலக்கி, பாக்டீரியா புக முடியாத நுண்வடிகட்டியில் வடிகட்டுங்கள். அந்த நீரை ஸ்மெக்மாட்டிஸோடு சேர்த்து, கைபொறுக்கும் சூட்டில் இருக்கும் நீர்த்த அகாரில் கலந்து தட்டில் ஊற்றி, இறுகியதும் 37 டிகிரியில் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். ஓரிரு நாளில் தட்டு முழுவதும் பால் ஆடை போல மங்கலாக வளர்ந்திருக்கும். விளக்குக்கு எதிரே தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். குண்டூசித் தலை அளவுக்கு ஒரு தெளிவான வட்டம் தெரிந்தால், அதைத் தொட்டெடுத்து மறுபடி ஊற்றுங்கள். பெயர் வைக்கும் உரிமை பிடித்தவருக்கு.